தேம்ஸ் கரையில் ஒரு நூதனசாலை

நூதனம் என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். ஆனால், நூதனசாலை என்றதும் நம் நாட்டவர் மனத்தில் தோன்றுவன பழம் பொருள்களே. கொழும்பு நூதனசாலையிலே கண்டி அரசரின் சிம்மாசனத்தையும், பழைய நாணயங்களையும், சிதைந்த சிலைகளையும் பார்த்து வியந்தவர்கள் நம்மிற் பலர். சிறுவனாயிருந்த காலத்தில் என் தந்தையாரின் விரலைப் பற்றிக்கொண்டு நானும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்நாளில் அவர் கொழும்பிலே ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராயிருந்தார். அதிகம் செலவில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு எங்களுக்கு அதுவே. பழையனவற்றின் இருப்பிடத்துக்குப் புதுமையின் பெயர் வாய்த்திருப்பது ஒரு வேடிக்கைதான்.

பெயரும் பொருளும் ஒத்துநிற்கும் ஒரு நூதனசாலையை 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே கண்டேன். அஃது இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில் அமைந்துள்ளது. 'ரேற் மொடேண்' என்பது அதன் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இன்றுவரை உலகின் பல பாகங்களிலும் தோன்றிய நவீன ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

நானாக விரும்பி அங்கே சென்றேன் என்று சொன்னால் அது பொய்யாகும். சரித்திரம் படிப்பிப்பவன் நான். ஆண்டும் சான்றும் இல்லாத எதையும் எளிதில் நம்பாத பழக்கம் என்னிடம் ஊறிப்போயிருக்கிறது. நவீன ஓவியம் என்றாலோ எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம். இலண்டனில் நான் தங்கியிருந்தது என் தமக்கையார் வீட்டில். அவருடைய மகள், அங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்தவள், ஒருநாட் காலை என்னிடம் வந்து, "மாமா, அரண்மனையும் மணிக்கூட்டுக் கோபுரமும் எல்லாரும் பாக்கிறதுதானே. இண்டைக்கு என்னோடை வாங்கோ. ஆத்தங்கரையிலை ஒரு பளைய கட்டடம் இருக்கு, காட்டிறன்" என்றாள்.

"பளைய அல்ல, பிள்ளை, பழைய" என்று திருத்தினேன். ஆசிரியத் தொழில் செய்வோருக்கு விடுமுறையிலும் ஓய்வில்லை. அவள் சிரித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள்.

பாலமும் புகைபோக்கியும்

புனித பவுல் தேவாலயத்தின் பக்கமிருந்து நதியைக் கடந்து சென்றோம். நடந்து செல்வோருக்கென்றே கட்டப்பட்ட மெல்லிய உருக்குப் பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆயிரமாவது ஆண்டுப் பாலம் என்று பெயர் பெற்ற அது, 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. திறந்த அன்றே ஆயிரக்கணக்கான மக்கள் அதன்மீது நடந்தனர். பாலமோ பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. அசைவில் விழாதிருக்க ஒவ்வொருவரும் தம் அடியைச் சரிசெய்ய, எல்லாருடைய அடிகளும் தம்மையறியாமலே ஒரே தாளத்தில் விழ, ஆட்டம் மேலும் பெருகியது. இரண்டு நாளில் பாலம் மூடப்பட்டது. அசைவை அடக்கும் பொறிகளைப் பொருத்தி 2002 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறந்தனர். இன்று யாதோர் அசைவும் இல்லை. ஆயினும் இக்கதையைக் கேட்ட பின்னர் நான் கைப்பிடியை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு உயரங்கள் எதிரெதிரே தோன்றும். பின்னால் 111 மீற்றர் உயரமான தேவாலயக் கோபுரம். முன்னால் 99 மீற்றர் உயரமான ஒரு செங்கற் புகைபோக்கி. ஆம், நாங்கள் தேடிச் சென்ற கலைக்கூடம் முன்னொருகால் ஒரு மின்சார நிலையமாக இருந்தது. சேர் ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வரைந்தார். இங்கிலாந்தின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டைப் படங்களிற் பார்த்திராதவர் இலர். அதனை உருவாக்கியவரும் அவரே. எதிர்க்கரையிலுள்ள தேவாலயத்துக்கு மரியாதை காட்டும் வகையில் புகைபோக்கி அதன் கோபுரத்தினும் தாழ்வாகவே அமைக்கப்பட்டது.

1947 முதல் 1963 வரை இரண்டு கட்டங்களாக எழுப்பப்பட்ட அந்த நிலையத்தில் எண்ணெயை எரித்து மின்சாரம் உண்டாக்கினர். எண்ணெய் விலை ஏறியது, நிலையம் கட்டுப்படியாகவில்லை. 1981 ஆம் ஆண்டில் அதன் இயந்திரங்கள் நின்றன. 1981 என்ற ஆண்டைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தவனாகிய என் மனம் வேறோர் இடத்துக்குச் சென்று மீண்டது. அதனைப் பின்னர் சொல்வேன்.

42 இலட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்களாலான அந்தப் பெருங்கட்டடம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. இடித்துத் தள்ள வேண்டுமென்றே பலரும் எண்ணினர். அதனைக் கலைக்கூடமாக மாற்றும் பொறுப்பை ஏற்றவர்கள் ஹேர்சொக், டி மெய்றோன் என்னும் சுவிற்சலாந்துக் கட்டடக் கலைஞர்கள் இருவர். அவர்கள் செய்தவற்றிற் சிறந்தது எதுவென்றால், அதிகம் செய்யாமல் விட்டதே. இயந்திரங்களை அகற்றினர், கூரைமேல் கண்ணாடியாலான மாடியைச் சேர்த்தனர். சுவர்களையும், நெடிய யன்னல்களையும், உருக்குத் தூண்களையும் இருந்தவாறே வைத்துக்கொண்டனர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் எலிசபெத் மகாராணியார் அதனைத் திறந்து வைத்தார். முதலாண்டிலேயே ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தனர். 2016 ஆம் ஆண்டில் பின்புறத்தே பத்து மாடி கொண்ட புதிய பகுதி ஒன்றும் எழுந்தது. அதற்கும் செங்கல்லே போர்வை.

சீனி வணிகரின் கொடை

'ரேற்' என்பது ஒரு மனிதரின் பெயர். சேர் ஹென்றி ரேற் பலசரக்கு வணிகராய்த் தொடங்கிச் சீனி சுத்திகரிக்கும் தொழிலிற் பெருஞ்செல்வர் ஆனவர். சீனியைச் சிறு கட்டிகளாக்கி விற்றுப் பெயர் பெற்றவர். தாம் சேர்த்த ஓவியங்களையும் அவற்றுக்கொரு மனை கட்டப் பணத்தையும் நாட்டுக்கு வழங்கினார். 1897 ஆம் ஆண்டில் நதியின் மறுகரையில், மில்பாங்கு என்னும் இடத்திலே, முன்னர் சிறைச்சாலை இருந்த நிலத்தில் அம்மனை திறக்கப்பட்டது. அந்தத் தாய்க் கூடத்தின் பிள்ளையே இது.

சீனி இனிப்பானது, அதன் சரித்திரம் அவ்வாறன்று. கரும்புத் தோட்டங்கள் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தவை. ரேற் தொழில் தொடங்கியபோது பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்திருந்தது. ஆயினும் அதற்குப் பின்னர் மொறீசியசுக்கும் நேற்றாலுக்கும் பீஜித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்பு வெட்டச் சென்றவர்களிலே தமிழரும் அடங்குவர். நுழைவுக் கட்டணம் இன்றி நிரந்தரக் காட்சிகளை எவரும் பார்க்கலாம் என்று அங்கே எழுதியிருந்தது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே கட்டணம். இலவசந்தானே என்று உள்ளே நடந்தபோது, இதற்குரிய விலையை யாரோ எப்போதோ கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

கத்தரிக்கோலும் கண்ணீரும்

காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றி வைப்பது அங்குள்ள வழக்கம். இன்று செல்பவர் நான் கண்டவற்றையே காண்பார் என்று சொல்வதற்கில்லை. என் மனத்தில் நிலைத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மத்தீசு என்னும் பிரெஞ்சு ஓவியரின் 'நத்தை'. ஒன்பது அடிக்கு மேல் நீளமும் அகலமும் கொண்ட பெரிய சதுரம். பச்சை, நீலம், செம்மஞ்சள், கறுப்பு எனப் பல நிறக் கடுதாசித் துண்டுகள் வெள்ளைப் பரப்பின்மீது ஒட்டப்பட்டிருந்தன. "நத்தை எங்கே?" என்று கேட்டேன். மருமகள் விரலால் ஒரு சுழியை வரைந்து காட்டினாள். துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுழன்று உள்ளே செல்வதை அப்போதுதான் கண்டேன். நத்தையின் ஓடு அவ்வாறுதானே சுழல்கிறது!

"இதை எங்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளும் ஒட்டுவார்களே" என்றேன். அவள் கோபிக்கவில்லை. அதன் கதையைச் சொன்னாள். 1941 ஆம் ஆண்டில் மத்தீசுக்குப் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திர சிகிச்சை நடந்தது. அதன்பின் அவர் வாழ்நாளிற் பெரும்பகுதி படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே கழிந்தது. சித்திரப் பலகைக்கு முன்னால் நின்று தீட்ட முடியாத நிலையில், உதவியாளர்களைக் கொண்டு கடுதாசியில் வர்ணம் பூசுவித்து, தாம் கத்தரிக்கோலை எடுத்து நிறத்தையே வெட்டத் தொடங்கினார். 'நத்தை' பிறந்தது 1953 இல். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். எண்பது வயதைக் கடந்த ஒரு நோயாளியின் கையிலிருந்து இத்தனை மகிழ்ச்சி வந்திருக்கிறது. பாலர் வகுப்புப் பிள்ளைக்கு இயல்பாய்க் கிடைப்பதை இவர் முதுமையிலும் நோயிலும் உழைத்து மீட்டிருக்கிறார். என் முதற் கேலி அவ்விடத்தில் அடங்கியது.

இரண்டாவது, பிக்காசோவின் 'அழும் பெண்'. 1937 இல் வரையப்பட்ட, இரண்டடி உயரமேயுள்ள சிறிய ஓவியம். அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் 26 ஆம் நாள், ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, குவேர்னிகா என்னும் ஊரின்மீது ஜேர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அவ்வழிவைப் பிக்காசோ மிகப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். பின்னரும் அவர் மனம் ஆறவில்லை. அதிலே இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாயின் முகத்தை மட்டும் மீண்டும் மீண்டும் வரைந்தார். அவ்வரிசையின் முடிவில் வந்ததே இப்பெண். பச்சையும் மஞ்சளுமான முகம் கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்திருக்கிறது. பற்கள் கைக்குட்டையைக் கடிக்கின்றன. தலையிலோ பூச்செருகிய அழகான தொப்பி.

முகம் ஏன் இப்படி உடைந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. குண்டு விழுந்த வீட்டு வாசலில் நின்று அழுத தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய முகங்கள் அழகாக இருந்ததில்லை, ஒழுங்காகவும் இருந்ததில்லை. நல்ல சேலை உடுத்தியிருந்த வேளையிலேயே செய்தி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. உள்ளவாறு வரைவது என்றால் இதுதான் உள்ளவாறு.

மங்கிய ஒளியில்

அடுத்து நாங்கள் சென்ற அறையில் ஒளி குறைவாயிருந்தது. மாக் றொத்கோ என்பவரின் பேரோவியங்கள் சுவர்களை நிறைத்து நின்றன. கருஞ்சிவப்பு, அதன்மேற் கறுப்பு, அல்லது கறுப்பின்மேல் கருஞ்சிவப்பு. வாசல்கள் போன்ற, யன்னல்கள் போன்ற வடிவங்கள். வேறொன்றும் இல்லை.

"மாமா, என்னெண்டு கேக்காதேங்கோ. பத்து நிமிசம் சும்மா இருங்கோ" என்று மருமகள் வாங்கைக் காட்டினாள். இருந்தேன். முதல் இரண்டு நிமிடமும் எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றியது. பின்னர் கண் மெல்லப் பழகியது. வெளிச்சத்திலிருந்து கோயிலுக்குள் நுழைந்து, கருவறையின் இருளைச் சற்று நேரம் நோக்கி நின்றால், முதலில் தீபமும் பிறகு மூர்த்தியும் புலனாவது போல, ஒன்றேயெனத் தோன்றிய சிவப்புக்குள்ளே பல சிவப்புகள் எழுந்து வந்தன. விளிம்புகள் மூச்சு விடுவனபோல் இருந்தன. அறையிலிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் குரலைத் தாழ்த்தியே பேசினர்.

றொத்கோ ரஷ்யப் பேரரசிலே, இன்றைய லத்வியாவிற் பிறந்த யூதர். பத்து வயதில் அமெரிக்கா சென்றவர். நியூயோர்க்கிலே பெருஞ்செல்வர் உணவருந்தும் விடுதி ஒன்றின் சுவர்களுக்காக 1958 ஆம் ஆண்டில் இவ்வோவியங்களைத் தீட்டத் தொடங்கினார். பின்னொருநாள் அவ்விடுதிக்குச் சென்று உணவருந்திப் பார்த்தார். அவ்விடத்துக்குத் தம் ஓவியங்களைக் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பதினை இலண்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1970 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள் அவை இலண்டனை அடைந்தன. அதே நாளில் அவர் நியூயோர்க்கில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது.

இவற்றுள் ஒன்றின்மீது 2012 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒருவர் மையினால் எழுதிக் கெடுத்தார். மை பல வர்ணப் படைகளையும் ஊடுருவிவிட்டது. வல்லுநர்கள் ஒன்றரை ஆண்டு பாடுபட்டு, ஒவ்வொரு படையாகச் சோதித்து, 2014 ஆம் ஆண்டு மே மாதம் அதனை மீண்டும் மாட்டினர். நான் உற்றுப் பார்த்தேன். காயம் எங்கே பட்டதென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. காயத்தை ஆற்றும் வகை அது ஒன்று. மற்றொரு வகையை அன்று மாலையே காணப் போகிறேன் என்பதை அப்போது நான் அறியேன்.

செங்கற் கதை

வெளியே வந்து கோப்பி குடித்தபோது, மருமகள் ஒரு வேடிக்கைக் கதை சொன்னாள். காள் அன்றே என்னும் அமெரிக்கச் சிற்பி 120 தீச்செங்கற்களை இரண்டடுக்காக, நீள்சதுரமாய்த் தரையில் அடுக்கி வைத்தார். அதுவே சிற்பம். 1966 இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட அதனை ரேற் 1972 ஆம் ஆண்டில் வாங்கியது. 1976 இல் இச்செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியதும் பெரும் கூக்குரல் எழுந்தது. பொதுப் பணத்திலே செங்கல் வாங்குவதா என்று நாடே சிரித்தது. ஒருவர் அதன்மேல் நீலச் சாயத்தையும் ஊற்றிவிட்டார்.

"அந்தச் செங்கல்லைப் பாக்கச் சனம் வந்து குவிஞ்சதாம், மாமா" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால், 42 இலட்சம் செங்கற்களாலான கட்டடத்துக்குள் இருந்துகொண்டு 120 செங்கற்களைப் பார்த்துச் சிரிப்பது நியாயந்தானா என்று பின்னர் தோன்றியது. அச்செங்கற்கள் எதையும் தாங்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. செங்கல் எத்தகையது என்று நம்மைப் பார்க்க வைக்கின்றன, அவ்வளவே. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பொருள்களில் எத்தனையை உண்மையிற் பார்க்கிறோம்?

அதனைப் பெரிய சிற்பம் என்று ஏற்க எனக்கு இன்னும் மனமில்லை. அங்கே கண்டவற்றிற் பாதியளவு எனக்குப் பிடிபடவில்லை என்பதே உண்மை. அதனால் வெட்கமும் இல்லை. விளங்காத செய்யுளைப் படித்து, விளங்கிய இரண்டு அடிகளை மனத்திற் கொண்டு போவதில்லையா? அதுபோலத்தான்.

தளத்தில் ஒரு கோடு

மாலையில் இயந்திர மண்டபத்துக்கு வந்தோம். முன்னர் மின்பிறப்பாக்கிகள் நின்ற இடம் அது. 155 மீற்றர் நீளம். 35 மீற்றர் உயரம். அதனை முழுமையாக ஒரே கலைஞரிடம் சில மாதங்களுக்கு ஒப்படைப்பது அங்குள்ள வழக்கம். 2003 ஆம் ஆண்டில் ஒலாபூர் எலியாசன் அங்கே ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றினார்; கூரையிற் கண்ணாடி பதித்திருந்ததனால் மக்கள் தரையிற் படுத்துத் தம் உருவத்தை மேலே கண்டு களித்தனர். 2010 ஆம் ஆண்டில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், பீங்கானாற் செய்து கையால் வர்ணம் தீட்டிய பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பி வைத்தார்.

நாங்கள் சென்ற நாளில் மண்டபம் வெறுமையாக இருந்தது. சாய்தளத்திற் சிறுவர் உருண்டு விளையாடினர். பார்க்க ஒன்றுமில்லை என்று நான் திரும்ப முயன்றபோது மருமகள் சீமெந்துத் தரையைச் சுட்டினாள். "இதுதான் எனக்குப் பிடிச்சது" என்றாள்.

தரையில் ஒரு கோடு. நமது முற்றங்களில் வெடிப்பைச் சாந்து பூசி அடைத்த இடம் போன்ற, நிறம் சற்றே மாறிய, கோணலான கோடு. அது வாயிலிலிருந்து மண்டபத்தின் நீளத்துக்கு வளைந்து வளைந்து ஓடியது. பலர் அதனை மிதித்துக்கொண்டு அறியாமலே போயினர்.

2007 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், கொலம்பியா நாட்டைச் சேர்ந்த டொறிஸ் சல்சேடோ என்னும் பெண் கலைஞர் அந்தத் தரையைப் பிளந்தார். 167 மீற்றர் நீளமான பிளவு. மயிரிழையளவாய்த் தொடங்கிக் கால் நுழையும் அகலத்துக்கு விரிந்தது. அதன் உட்சுவர்களில் வேலிக் கம்பி வலை பதிக்கப்பட்டிருந்தது. கவனியாது நடந்தோர் சிலர் இடறிக் காயப்பட்டதும் உண்டு. இனத்தாலும் எல்லையாலும் மனிதர் பிரிக்கப்படுவதையே அவர் காட்ட விரும்பினார். 2008 ஆம் ஆண்டு ஏப்ரலில் காட்சி முடிந்ததும் பிளவு அடைக்கப்பட்டது. ஆனால் தழும்பு தரையிலேயே இருக்கிறது.

"அதற்கு அவர் என்ன பெயர் வைத்தார்?" என்று கேட்டேன்.

"ஷிபோலேத்" என்றாள் மருமகள்.

அந்த ஒரு சொல்

கிறித்தவ வேதாகமத்தில், நியாயாதிபதிகள் என்னும் ஆகமத்தில் வரும் சொல் அது. கீலேயாத்தியர் என்னும் குலத்தார் எப்பிராயீமர் என்னும் குலத்தாரைப் போரில் வென்று, யோர்தான் நதியின் துறைகளைக் கைப்பற்றிக்கொண்டனர். தப்பியோடி வருபவன் எவனும், தான் எப்பிராயீமன் அல்லன் என்று சொன்னால், 'ஷிபோலேத்' என்று சொல் என்பார்கள். எப்பிராயீமருக்கு 'ஷ' என்னும் ஒலி வாராது, 'சிபோலேத்' என்பர். அவ்வாறு சொன்னவனை அவ்விடத்திலேயே வெட்டினர். மாண்டவர் தொகை நாற்பத்தீராயிரம் என்கிறது அந்த ஆகமம்.

மருமகள் இதனைப் புத்தகத்திற் படித்ததாகச் சொன்னாள். எனக்கோ புத்தகம் தேவைப்படவில்லை.

1983 ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பிலே நிகழ்ந்தவற்றை அறிந்த வாசகர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். வீதியில் மறிக்கப்பட்டவர்களிடம் வாளி ஒன்றைக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்டனர். அச்சொல்லின் முதலெழுத்து தமிழர் நாவில் வல்லினமாய்த் திரிந்துவிடும். அதிலிருந்து ஆளை அறிந்துகொள்வர். காரியாலயத்திலிருந்து நடந்து வந்த என் தந்தையாரும் மறிக்கப்பட்டார். அவருடன் அதே காரியாலயத்திற் பணிபுரிந்த இன்னொருவரும் இருந்தார். தந்தையார் சிறு வயதிலேயே தென்னிலங்கையிற் கடையொன்றில் வேலை செய்தவர். சிங்களம் சுத்தமாய்ப் பேசுவார். கேட்ட சொல்லைச் சொன்னார், விட்டுவிட்டார்கள். மற்றவரை விடவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தினரே எங்களைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்னர் அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறை வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது.

தந்தையார் இதனை என்னிடம் ஒரே ஒரு முறை, நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட நாளுக்கு முதல் இரவில் சொன்னார். "நான் சரியாய்ச் சொன்னன். அவர் சொல்லேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். 2016 ஆம் ஆண்டில் காலமாகும்வரை பின்பு அதைப்பற்றிப் பேசியதில்லை. என் தமக்கையாருக்கு அவர் சொன்னாரோ, இல்லையோ, பேத்திக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் தரைக்கோட்டின் ஓரத்தில் நின்று நான் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பப்பா இல்லை, அம்மப்பா மட்டும் ஏன் என்ரை தமிழைத் திருத்திறேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. என் தந்தையார் தமிழ்ப் பற்று மிக்கவர். தேவாரத்தை எழுத்துப் பிசகாது பாடுவார். ஆயினும் நாங்கள் சிறுவராய் ழகரத்தையும் ளகரத்தையும் குழப்பியபோது அம்மா அதட்டினால், "விடும், பிள்ளை தனக்கு வந்த மாதிரிச் சொல்லட்டும்" என்பார். இலண்டனிலிருந்து தொலைபேசியில் பேத்தி பேசிய கொச்சைத் தமிழுக்கும் அவர் மகிழ்ச்சியோடு "ஓம், ஓம்" என்பதே வழக்கம். நான் அதனை அவருடைய முதுமையின் இளக்கம் என்று நினைத்திருந்தேன். நானோ, ஆசிரியன் என்ற உரிமையால், கண்ட இடமெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன்.

தழும்பு இருக்கட்டும்

1981 என்ற ஆண்டைப்பற்றிப் பின்னர் சொல்வேன் என்றேன். அந்த ஆண்டு ஜூன் மாதம் முதலாந் தேதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிற்காலத்தில் அதனைத் திருத்திக் கட்ட முற்பட்டபோது, எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட வேண்டும் என்றனர் சிலர். பழைய வடிவிலேயே புதுப்பிக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். புதுப்பிக்கப்பட்டது. இன்று அது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. என் மாணவர் அங்கே சென்று படிக்கிறார்கள். நூலகம் படிப்பதற்கே, அதனால் புதுப்பித்தது சரியென்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

ஆனால், தேம்ஸ் கரையிலே அந்தத் தரையைக் கண்டபின் என் எண்ணத்தில் ஒரு சிறு திருத்தம் ஏற்பட்டிருக்கிறது. பிளவைத் திறந்தபடியே விட்டிருந்தால் மக்கள் இடறி விழுவர். அடையாளமே இல்லாமல் மெழுகியிருந்தால், அங்கே நின்று நான் என் மருமகளுக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சிறுவர் உருண்டு விளையாடும் அளவுக்கு அடைத்து, கேட்பவனுக்குக் காட்டும் அளவுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நமது வீடுகளிலும், பாடசாலைகளிலும், வெள்ளையடித்த சுவர்களிலும் அத்தகைய ஒரு கோடாவது இருக்க வேண்டாமா? பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் இருக்கும்போதே சொல்லட்டும்.

நவீன கலை நமக்கு அந்நியமானது என்று இனி நான் சொல்ல மாட்டேன். நமது நாட்டிலேயே 1943 இல் லயனல் வென்ற் முதலானோர் கூடி '43 குழுவைத் தொடங்கினர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் ஆகியோர் அதிலே வளர்ந்தனர். 1952 இல் அவர்களுடைய ஓவியங்கள் இதே இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. கொழும்பு பான்ஸ் பிளேசிலுள்ள சபுமல் நிலையத்தில் அவற்றிற் பலவற்றை இன்றும் பார்க்கலாம். அடுத்த தவணையில் என் வகுப்பு மாணவரை அங்கே அழைத்துச் சென்றேன். "சேர், இது என்ன?" என்று ஒருவன் கேட்டான். "கொஞ்ச நேரம் நின்று பார்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை பாலத்தால் நாங்கள் திரும்பியபோது நதியில் வற்று நீரோட்டம். கரையோரச் சேற்றிலே பழைய மரக்குற்றிகள் வெளித்தெரிந்தன. மருமகள் கைப்பிடியிற் சாய்ந்து அவற்றைக் காட்டி, "பாருங்கோ மாமா, தண்ணி போனாப் பளைய துறையெல்லாம் தெரியுது" என்றாள்.

"ஓம், பிள்ளை, தெரியுது" என்றேன்.